குறியிட்ட பாதையில் வழிகாட்டிக்கு என்ன வேலை? ஆர்க்கேடியா மலைநடை: ஒரு நிகழ்வு ஆய்வு

கிரீஸ் என்றதும் நம்மில் பலருக்குக் கண்முன் வருவது வெள்ளைச் சுவர் வீடுகளும் நீலக் கடலும்தான். அந்த நாட்டின் பெரும்பகுதி மலை என்பது அங்கே போய் இறங்கும்வரை உறைப்பதில்லை. ஏதென்ஸிலிருந்து கொரிந்து கால்வாயைத் தாண்டி, பெலோபொன்னீஸ் தீபகற்பத்துக்குள் நுழைந்து, திரிப்போலியைக் கடந்து மேற்கே திரும்பினால் சாலை வளைந்து வளைந்து ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. ஆர்க்கேடியா என்ற அந்தப் பகுதியில் கல்வீட்டு ஊர்கள் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே ஆறுகள் ஆழமாக அறுத்த பள்ளத்தாக்குகள். அவற்றின் விளிம்புகளில் கோயில்கள், மடங்கள், இடிந்த கோட்டைகள்.

ஓர் அக்டோபரில், பத்துப் பேருக்கும் குறைவான குழுவாக, வழிகாட்டியோடு அங்கே ஒரு வாரம் நடந்தோம். அந்தப் பயணத்தை முழுவதுமாக விவரிப்பது என் நோக்கமில்லை. மூன்று இடங்களில் வழிகாட்டி எடுத்த முடிவுகளை மட்டும் கூர்ந்து பார்க்க விரும்புகிறேன். காரணம், முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் எழுந்த ஒரு கேள்வி. குழுவிலிருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் நேரடியாகவே கேட்டார்: "பாதை நெடுக அடையாளம் வைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது. அப்புறம் உங்களுக்கு ஏன் நாங்கள் பணம் கொடுக்க வேண்டும்?" வழிகாட்டி நாற்பது வயது மதிக்கத்தக்க உள்ளூர்ப் பெண். சிரித்துக்கொண்டே ரொட்டிக் கூடையை அவர் பக்கம் நகர்த்தினாரே தவிர, வாதாடவில்லை.

நியாயமான கேள்விதான். என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கிரேக்க மலைகளில் நல்ல வழிகாட்டி காப்பது நேரத்தை. எந்த மணிக்கு எங்கே இருக்க வேண்டும், இடிபாட்டைப் போய்ச் சேரும்போது காலிலும் தலையிலும் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதே அவருடைய தொழில். அது எப்படி நடந்தது, எங்கே சறுக்கியது என்று பார்ப்போம்.

பாதையின் கதை

நாங்கள் நடந்தது பெரும்பாலும் மெனலோன் பாதையின் தென்பகுதியில். ஸ்டெம்னிட்சா ஊரில் தொடங்கி லங்காதியா வரை சுமார் 75 கி.மீ. நீளும் இந்தப் பாதை 8 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, 2015-இல் திறக்கப்பட்டது. ஐரோப்பிய நடைப்பயணச் சங்கங்களின் கூட்டமைப்பு தரும் உயர்தரப் பாதைச் சான்றிதழைக் கிரீஸில் முதலில் பெற்றது இதுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இது புதிதாக வெட்டிய பாதை இல்லை என்பது. கழுதையும் ஆடும் மனிதர்களும் நூற்றாண்டுகளாக ஊர்விட்டு ஊர் போன தடங்கள் இவை. மோட்டார் சாலை வந்ததும் முட்புதர் மூடிக் கிடந்தவற்றைத் தன்னார்வலர்கள் வெட்டித் திறந்தார்கள். இன்றும் ஓர் உள்ளூர்ச் சமூகக் கூட்டுறவு நிறுவனம் பராமரிக்கிறது. புதரை ஓரிரு ஆண்டுகள் வெட்டாமல் விட்டால் பாதை மறைந்துவிடும். மலைப்பாதை என்பது தொடர்ந்து யாராவது உழைத்தால்தான் இருக்கும் பொருள்.

முதல் பகுதி ஸ்டெம்னிட்சாவிலிருந்து திமித்சானா வரை, 12.5 கி.மீ. இடையில் லூசியோஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி ஏற வேண்டும். காகிதத்தில் பார்த்தால் சிறிய தூரம். நம் ஊரில் காலை நடைக்குப் போகிறவர்களில் பலர் அதில் பாதியை அன்றாடம் நடக்கிறார்கள். ஆனால் இதற்குக் கொடுக்கப்படும் நேரம் 5 மணி, அதுவும் நிற்காமல் நடந்தால்.

இந்தக் கணக்கு பலருக்குப் புரிவதில்லை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு விதி சொன்னார். இன்றைய அளவில் ஏறத்தாழ 5 கி.மீ.-க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்த விதி நல்ல தரையில் நடக்கும் திடகாத்திரமான ஆளுக்கு. உருளும் சுண்ணாம்புக்கல், முழங்காலைச் சோதிக்கும் இறக்கம், நின்று பார்க்க வேண்டிய மடங்கள் எதுவும் அதில் சேரவில்லை. எங்களுக்கு அனுப்பப்பட்ட பயணத்திட்டத்தில் கி.மீ. மட்டும் போட்டு, பக்கத்தில் "நடுத்தரம்" என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்ற இரண்டு எண்களும் இல்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு இந்த ஒரு வரிதான் மூலம்.

கோர்ட்டிஸில் ஒரு பிற்பகல்

பெரிய நடைக்கு முந்தைய பிற்பகல், கால் பழக என்று, வழிகாட்டி எங்களைக் கோர்ட்டிஸுக்கு அழைத்துப் போனார். லூசியோஸ் ஆற்றங்கரையில் இருந்த பழைய நகரம் அது. மருத்துவக் கடவுளான அஸ்க்லெபியோஸுக்குக் கோயில் இருந்த இடம். பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோண்டிய குளியல் கட்டடம் ஒன்று இருக்கிறது. தரைக்கடியில் வெப்பக் காற்றுப் போகும் வழிகள், வட்ட அறையைச் சுற்றி ஒவ்வொருவராக உட்கார்ந்து குளிக்கும் குழிவுகள். ஒரு குழிவின் விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன். முதுகு சாயும் இடம் வழுவழுவென்று உள்வாங்கியிருந்தது. நாங்கள் போனபோது காவலரும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. சுற்றிலும் காட்டு சைக்லமென் செடிகள் இலைகூட விடாமல் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இந்த வழியாக வந்த பயணி பௌசானியாஸ் தன் கிரீஸ் வர்ணனையின் 8-ஆம் நூலை ஆர்க்கேடியாவுக்கே ஒதுக்கினார். இந்தக் கோயிலில் அலெக்சாண்டர் தன் மார்புக் கவசத்தையும் ஈட்டியையும் காணிக்கையாக வைத்தார் என்றும், இந்த ஆற்று நீரைவிடக் குளிர்ந்த ஆற்று நீர் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். ஆற்றில் கால் வைத்துப் பார்த்தவர்கள் ஒரு நிமிடத்துக்குள் கரையேறினார்கள்.

நோயாளிகள் தங்கிக் குணமாக நம்பிக்கையோடு வந்த இடம் இது. காரில் வந்து இறங்கினால் ஆற்றோரத்தில் சில கற்கள்தான். பள்ளத்தாக்கின் சுவர்களுக்கு நடுவே நடந்து, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தால், ஏன் இங்கே கட்டினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நடைப்பயணத்துக்கும் இடிபாடுகளுக்கும் உள்ள உறவு இதுதான் என்று நினைக்கிறேன். பழங்கால மக்கள் வந்த வேகத்தில் நாமும் வந்தால் இடத்தின் தர்க்கம் பிடிபடுகிறது.

முதல் முடிவு: லூசியோஸ் பள்ளத்தாக்கு

மறுநாள் காலை வானம் தெளிவாக இருந்தது. ஆனால் கிரேக்க வானிலைச் சேவை பிற்பகலில் இடியோடு மழை வரலாம் என்று சொல்லியிருந்தது. வழிகாட்டி முதல் மாற்றத்தைச் செய்தார்: காலை உணவை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார். முணுமுணுப்பு இருந்தது. இரண்டு காரணங்கள் சொன்னார். ஒன்று மழை. இன்னொன்று, கிரேக்க மடங்கள் பலவும் மதியம் கதவடைத்துவிட்டு மாலையில்தான் திறக்கும். நேரம் தப்பினால் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஸ்டெம்னிட்சாவிலிருந்து கல்பாவிய பழைய பாதை இறங்குகிறது. கிரேக்கத்தில் இதைக் கல்தெரிமி என்கிறார்கள். கழுதை வழுக்காமல் இருக்கக் கற்களைக் குறுக்காகப் பதித்து, திருப்பங்களில் சற்று உயர்த்திக் கட்டியிருப்பார்கள். கழுதைக்கு வசதியான அந்தப் படி மனித முழங்காலுக்கு அவ்வளவு வசதியில்லை. அறுபதுகளில் இருந்த ஓர் அம்மாள் அரைமணி நேரத்திலேயே பின்தங்கத் தொடங்கினார். வழிகாட்டி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. குழுவின் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், நின்று, காலணிக்குள் புகுந்த கல்லை எடுப்பதுபோல் பாவனை செய்து, எல்லோரையும் முன்னே விட்டுவிட்டு அவர் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். யாரையும் கூச வைக்காமல் அந்த வேலையைச் செய்த விதம் எனக்குப் பிடித்தது.

புரோட்ரோமோஸ் மடம் செங்குத்துப் பாறையின் இடுக்கில் கட்டப்பட்டது. மர மாடங்கள் வெளியே பிதுங்கி நிற்கின்றன. பின்சுவர் முழுக்கப் பாறை. வாசலில் பாவாடைத் துணிகள் தொங்குகின்றன. கால்சட்டை போட்ட பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், ஆண்களுக்கு அரைக்கால்சட்டை கூடாது. உள்ளே ஒரு துறவி சர்க்கரைப்பொடி தூவிய லுகூமி மிட்டாயும் குளிர்ந்த தண்ணீரும் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் போய்விட்டார். நாங்கள் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு அங்கே தெரிந்தது.

பிறகு ஆற்றுக்கு இறங்கி, பாலம் தாண்டி, எதிர்க்கரையில் ஏற வேண்டும். பழைய ஃபிலோசோஃபு மடம் அங்கே இருக்கிறது. 963-இல் நிறுவப்பட்டது, பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசர் நிக்கெஃபோரஸ் ஃபோக்காஸின் செயலாளராக இருந்தவர் நிறுவியது என்பது மரபு. பாறையும் சுவரும் ஒரே நிறம். ஜன்னல் ஓட்டை கண்ணில் பட்ட பிறகுதான் கட்டடம் என்று தெரிகிறது. இன்னும் சற்றுத் தூரத்தில் 17-ஆம் நூற்றாண்டின் புதிய ஃபிலோசோஃபு மடம். இங்கே ஒரு விஷயம் முக்கியம்: அதற்கு மோட்டார் சாலை உண்டு.

அந்த இடத்தில் வழிகாட்டி குழுவை நிறுத்தினார். மெனலோன் மலைப் பக்கம் இரண்டு முறை இடி கேட்டிருந்தது. மிச்சமிருந்தது மறுபடி ஆற்றைத் தாண்டி, திமித்சானாவுக்கு ஏறும் நீண்ட ஏற்றம். "இன்று இங்கேயே முடித்துக்கொள்கிறோம். வண்டிக்குச் சொல்லிவிட்டேன்" என்றார்.

பொறியாளருக்குக் கோபம். முழுப் பகுதியையும் நடக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார். தான் மட்டும் தனியாகப் போகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை, ஆனால் இடமும் கொடுக்கவில்லை. வண்டி வந்தது. மழையும் வந்தது, பத்து நிமிடத் தூறல். திமித்சானாவில் இறங்கும்போது மாலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அன்றிரவு மேசையில் நிலவிய மௌனம் சுகமானதாக இல்லை.

ஒரு முடிவை அதன் விளைவைக் கொண்டு எடைபோடுவது எளிது; இந்த மாதிரி விஷயங்களில் அது தவறும்கூட. அவர் கையில் அந்த நேரத்தில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். எச்சரிக்கை வந்திருந்தது. இடி காதில் விழுந்தது. நனைந்த சுண்ணாம்புக்கல் சோப்புக் கட்டிபோல் வழுக்கும். பள்ளத்தாக்குச் சுவரிலிருந்து மழையில் கல் உருளும். குழுவில் முழங்கால் வலியோடு ஒருவர், அவரைவிட மெதுவாக இன்னொருவர். முக்கியமாக, சாலை தொடும் வசதியான இடம் அதுதான். அதைத் தாண்டிவிட்டால் நடுவழியில் மனம் மாறிப் பயனில்லை. இடி உண்மையிலேயே தலைக்கு மேல் வந்த பிறகு எடுக்கும் முடிவு, முடிவே இல்லை. தூறலோடு போனது அதிர்ஷ்டம். அவர் செய்தது சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு குறையும் உண்டு. ஃபிலோசோஃபுவில் நிற்க நேரிடலாம் என்று காலையிலேயே எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். அவர் மனதில் அந்தத் திட்டம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பதைப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லாமல் விட்டாராம். முன்கூட்டித் தெரிந்திருந்தால் கோபத்தில் பாதி எழுந்திருக்காது.

விட்டுப்போன பகுதியில் கடைசித் துண்டை மறுநாள் திமித்சானாவிலிருந்து கீழ்நோக்கி நடந்தோம். அங்கே ஓடையோரம் திறந்தவெளி நீர்ச்சக்தி அருங்காட்சியகம் இருக்கிறது, 1997-இல் திறந்தது. ஓடும் தண்ணீரில் மாவு அரைக்கும் ஆலை, கம்பளித் துணியை அலசிக் கெட்டியாக்கும் தொட்டி, தோல் பதனிடும் கொட்டகை, வெடிமருந்து ஆலை எல்லாவற்றையும் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். மதகைத் திறந்ததும் சக்கரம் சுற்றி, மர உலக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி விழுகின்றன. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் இப்படி இடித்துத்தான் ஒட்டோமான் துருக்கியருக்கு எதிரான 1821 விடுதலைப் போருக்கு இந்த ஊர் வெடிமருந்து கொடுத்தது. தோட்டா சுற்றக் காகிதம் போதாமல் ஊர் நூலகத்தின் புத்தகங்களைக் கிழித்தார்கள் என்பதும் திமித்சானாவின் வரலாறு. முந்தைய நாள் களைப்போடு மாலையில் வந்திருந்தால் இதைக் கடந்து போயிருப்போம். இருந்தாலும் மடத்துக்கும் அன்று நடந்த துண்டுக்கும் இடைப்பட்ட ஆற்றோரப் பகுதி எங்கள் கணக்கில் விடுபட்டதுதான்.

இரண்டாவது முடிவு: கூடாரத்துக்குள் ஒரு கோயில்

கரித்தேனா ஊரில் பிராங்கியர்கள் (மேற்கு ஐரோப்பியப் படையெடுப்பாளர்கள்) கட்டிய கோட்டையை வண்டியிலிருந்தே பார்த்துவிட்டு, ஆந்திரித்சேனா வழியாகப் பாசாய்க்குப் போனோம். கடல்மட்டத்திலிருந்து 1,130 மீட்டர் உயரத்தில், ஊர் எதுவும் பக்கத்தில் இல்லாத மலைத்தோளில், அப்போல்லோ எபிகூரியோஸ் கோயில். கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தது. கொள்ளைநோயிலிருந்து காத்ததற்கு நன்றியாக ஃபிகாலியா நகரத்தார் கட்டியது, கட்டடக் கலைஞர் ஏதென்ஸின் பார்த்தெனன் கோயிலைக் கட்டிய இக்தினோஸ் என்று பௌசானியாஸ் சொல்கிறார். கிரீஸிலிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதலில் இடம்பெற்றது இதுதான், 1986-இல்.

இவ்வளவு புகழோடு போய்ச் சேர்ந்தால் கண்ணில் படுவது ஒரு பிரம்மாண்டமான வெள்ளைக் கூடாரம். 1987-இலிருந்து கோயில் அதற்குள் இருக்கிறது. உள்ளூர்ச் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய கோயில் இது. மழையும் பனியும் கல்லின் பிளவுகளில் இறங்கி, உறைந்து, விரிந்து உடைக்கின்றன. நிலநடுக்கம் வேறு தூண்களைச் சாய்த்திருக்கிறது. தூண்களைப் பிரித்து அடித்தளத்தைச் சீராக்கி மறுபடி நிறுத்தும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. இணையத்தில் கூடாரத்தைத் திட்டி எழுதியவற்றைப் படித்துவிட்டு வந்திருந்தோம். வண்டி நேரே வாசலில் நின்றிருந்தால் நாங்களும் அதே ஏமாற்றத்தோடு அரைமணியில் கிளம்பியிருப்போம்.

வழிகாட்டி வண்டியைச் சற்றுக் கீழேயே நிறுத்தச் சொன்னார். ஓக் மரங்களுக்கிடையே ஆட்டுத்தடம் பிடித்து ஏறினோம். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. எதிரே ஆட்டுமந்தை, காவல் நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடிவந்தன. எல்லோரையும் ஒன்றாக நெருங்கி நிற்கச் சொல்லிவிட்டு, வழிகாட்டி இடையனைக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தார். அவர் ஒரு சீழ்க்கை அடித்ததும் நாய்கள் திரும்பின. ஓடக் கூடாது, மந்தைக்கும் நாய்க்கும் நடுவே புகக் கூடாது. கிரேக்க மலையில் எதிர்பார்த்துப் போக வேண்டிய ஆபத்து இது.

அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு கூடாரத்துக்குள் நுழைந்தபோது யாரும் கூடாரத்தைக் குறை சொல்லவில்லை. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக இந்தக் கல் எதைத் தாங்கியது என்று எங்கள் காதுகளுக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே பேசியவர் வேறொருவர். கிரேக்கச் சட்டப்படி தொல்லியல் தளங்களுக்குள் குழுவுக்கு விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டிகளுக்கே அனுமதி. மலையில் அழைத்துப் போகிறவர் அந்த உரிமம் இல்லாதவரானால் வாசலுக்கு உள்ளே அவர் பேசக் கூடாது. பயணம் பதிவு செய்யும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை. இடிபாடுகளுக்கு உரிமம் பெற்றவர் தனியாக வருகிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எங்களுக்கு வந்தவர் ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியைபோல் பொறுமையாகப் பேசினார். வெளியே முகப்பில் 6, பக்கவாட்டில் 15 என்று டோரிக் தூண்கள், கிரேக்கக் கட்டடக்கலையின் மூன்று தூண் பாணிகளில் மிக எளியது. உள்ளே சுவரிலிருந்து குட்டைச் சுவர்களால் இணைக்கப்பட்ட அயோனிக் அரைத்தூண்கள், அடிப்பாகம் மணிபோல் விரிந்தவை. நடுவில் ஒரே ஒரு கொரிந்தியத் தூண் நின்றிருந்த இடம். அறியப்பட்ட கொரிந்தியத் தூண்தலைப்புகளில் மிகப் பழையது அதுதான். மூன்று பாணிகளும் ஒரே கூரையின் கீழ். வழக்கத்துக்கு மாறாகக் கோயில் கிழக்கு நோக்காமல் வடக்கு நோக்கி நிற்கிறது. கிழக்குச் சுவரில் தனியாக ஒரு வாசல்.

உள்ளே ஓடிய சிற்பவரிசையின் 23 பலகைகள் இங்கே இல்லை. கிரேக்கர்கள் அமேசான் என்ற புராணப் போர்வீரப் பெண்களோடும், லாபித்தியர் என்ற புராணக் குலத்தார் பாதி மனிதன் பாதி குதிரையான உருவங்களோடும் போரிடும் காட்சிகள். 1811-12-இல் தோண்டியெடுத்து, பிறகு விற்கப்பட்டு, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிற்பங்கள் இருந்த உயரத்தை அந்த அம்மையார் கையால் காட்டியபோது எல்லோரும் வெற்றிடத்தை அண்ணாந்து பார்த்தோம். அவை திரும்பி வர வேண்டும் என்பதே என் எண்ணம்.

மூன்றாவது முடிவு: மிஸ்த்ராஸின் இரண்டு வாசல்கள்

ஸ்பார்ட்டாவுக்கு மேற்கே, 2,400 மீட்டருக்கும் மேல் எழும் டைகெட்டோஸ் மலையின் அடிவாரக் குன்றொன்றில் மிஸ்த்ராஸ் நகரம் இடிந்து கிடக்கிறது. உச்சியில் பிராங்கியப் பிரபு வில்லெஹார்துவான் 1249-இல் கட்டிய கோட்டை. அதன் கீழே பைசாந்தியர்கள் வளர்த்த அரண்மனை, தேவாலயங்கள், வீடுகள். கடைசிப் பைசாந்தியப் பேரரசர் 11-ஆம் கான்ஸ்டன்டைன் 1449-இல் இங்கேதான் பட்டத்துக்கு உரியவராக அறிவிக்கப்பட்டார். 1460-இல் நகரம் ஒட்டோமான்கள் வசமானது. 1834-இல் புதிய ஸ்பார்ட்டா உருவான பிறகு மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள்.

திட்டத்தில் இருந்தது: மேல் வாசலில் இறங்கி, கோட்டைக்கு ஏறி, அங்கிருந்து நகரம் முழுவதையும் கடந்து கீழ் வாசலுக்கு வருவது. "இறக்கம்தானே, சுலபம்" என்று எல்லோரும் நினைத்தோம். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். இங்கே கல்பாவிய தெருக்கள் நூற்றாண்டுக் காலடிகளால் மழுங்கி, காய்ந்த நாளிலும் வழுக்குகின்றன. முழங்கால் வலி இருந்த அந்த அம்மாளுக்கு வழிகாட்டி வேறொரு வழி வைத்திருந்தார். கீழ் வாசலில் நுழைந்து, பெரிப்லெப்டோஸ் தேவாலயத்தின் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, பாந்தனஸ்ஸா கன்னிமாடம் வரை மெதுவாக ஏறி, அங்கே எங்களுக்காகக் காத்திருப்பது. ஏறும்போது முழங்காலுக்குப் பாரம் குறைவு; திரும்ப இறங்குவது நகரத்தில் பாதித் தூரம்தான். கோட்டை அவருக்குக் கிடையாது.

அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் போகும் இடத்துக்குத் தானும் போக வேண்டும் என்ற ஆசை யாருக்கும் இருக்கும். நாங்கள் கோட்டை, அரண்மனை என்று சுற்றி, வியர்த்து, பாந்தனஸ்ஸாவுக்கு வந்தபோது அவர் மடத்து மாடத்தில் நிழலில் உட்கார்ந்திருந்தார். மிஸ்த்ராஸில் இன்றும் ஆள் வசிக்கும் இடம் இந்தக் கன்னிமாடம் ஒன்றுதான். துறவிப் பெண்கள் சிலர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, பூனைகளுக்குச் சோறு வைத்து, பூவேலைத் துணிகள் தைத்து விற்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு சைகையிலேயே ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார் அந்த அம்மாள். 1428-இல் திருநிலைப்படுத்தப்பட்ட தேவாலயத்தின் மேல்மாட ஓவியங்களை எங்களில் யாரும் அவர் அளவுக்கு நிதானமாகப் பார்க்கவில்லை. அவர் என்னைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், இறந்த லாசரை இயேசு உயிர்ப்பிக்கும் பைபிள் காட்சியில் பிண வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஆளைக் காட்டினார்.

இந்த முடிவு நல்லதாக அமைந்தது. ஆனால் அதற்கு அவசியமே வந்திருக்கக் கூடாது என்பதுதான் என் வருத்தம். ஏற்ற இறக்க அளவுகளைப் பயணத்திட்டத்தில் அச்சிட்டிருந்தால் அவர் எளிய பயணமொன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார், அல்லது நடைக்கோலோடும் முழங்கால் பட்டையோடும் தயாராக வந்திருப்பார். அலுவலகத்தில் உட்கார்ந்து "நடுத்தரம்" என்று எழுதியவர் செய்த பிழையைக் களத்தில் நின்ற பெண் ஒவ்வொரு நாளும் சரிக்கட்டிக்கொண்டிருந்தார்.

வெயில், சாப்பாடு, கேட்க வேண்டியவை

நாங்கள் போனது அக்டோபரில் என்பதால் வெயில் பிரச்சினை பெரிதாக இல்லை. கோடையில் கதை வேறு. 2023-லும் 2024-லும் வெப்ப அலையின்போது ஏதென்ஸ் அக்ரோபோலிஸையே நண்பகல் நேரங்களில் மூடினார்கள். 2024 ஜூனில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நன்கு அறியப்பட்ட மருத்துவர் மைக்கேல் மோஸ்லி சிமி தீவில் பகல் வெயிலில் தனியாக நடந்துபோய் உயிரிழந்தார். அதே மாதத்தில் வேறு தீவுகளிலும் நடக்கப்போன பயணிகள் சிலர் இறந்தார்கள். உடல்நலம் தெரிந்தவருக்கே இது நேர்ந்தது. வெயிலுக்குப் பழகிய நாடு நம்முடையது என்ற தைரியம் அங்கே உதவாது. மரமில்லாத சுண்ணாம்புப் பாறைச் சரிவு வெப்பத்தைத் திருப்பி வீசும், ஈரப்பதம் குறைவென்பதால் வியர்ப்பதே தெரியாமல் உடல் வற்றும். 2021 ஆகஸ்டில் ஆர்க்கேடியாவின் இதே கோர்ட்டினியா பகுதியில் காட்டுத்தீயால் ஊர்களைக் காலி செய்தார்கள். நடக்க ஏற்ற காலம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்டில் மலைநடை விற்கும் நிறுவனத்தை நான் நம்ப மாட்டேன். அவசர உதவிக்கு எண் 112. கைப்பேசியில் இருப்பிடத்தைப் படிக்கத் தெரிந்துவைத்துக்கொள்வது அதைவிட அவசியம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் தயங்க வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டில் பல வாரங்கள் நோன்பிருப்பதால் இறைச்சி, பால், முட்டை சேராத உணவு கிரேக்கச் சமையலில் இயல்பாகவே உண்டு. தக்காளியில் வெந்த பெரிய மொச்சை, வெள்ளை பீன்ஸ் சூப், எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்ட காட்டுக்கீரை, அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி, மிளகாய் எல்லாம் சின்ன ஊர்க் கடையிலும் கிடைத்தன. நோன்புச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டால் ஓர் எச்சரிக்கை: நோன்பில் மீன் கூடாதே தவிர கணவாயும் இறாலும் கூடும். அதைத் தனியாகச் சொல்லி விலக்க வேண்டும்.

ஷெங்கன் விசாவுக்கு (கிரீஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அந்தக் காப்பீட்டுத் தாளில் மலைநடை சேர்க்கப்பட்டிருக்கிறதா, மலையிலிருந்து மீட்டு வரும் செலவு அடங்குமா என்று பார்ப்பவர்கள் குறைவு. விசா அலுவலகத்துக்கு அது தேவையில்லை, உங்களுக்குத் தேவை.

பயணம் பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் நான் இப்போது கேட்பது இவைதான்: ஒவ்வொரு நாளும் எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மீட்டர் இறக்கம்? நடுவழியில் வண்டி தொடக்கூடிய இடங்கள் எவை? ஒருவர் அன்று நடக்க முடியாவிட்டால் அவருக்கு என்ன ஏற்பாடு? இடிபாடுகளில் பேச உரிமம் பெற்றவர் யார்? ஒரு நாளைச் சுருக்கும் அதிகாரம் வழிகாட்டிக்கு முழுமையாக உண்டா, அல்லது அலுவலகத்தைக் கேட்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு நிறுவனம் பார்க்கிறேன். ஃபிலோசோஃபு மடத்து வாசலில் அந்தப் பெண் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வண்டிக்காரரை மட்டும்தான் அழைத்தார்.